பதில்: முகாமில் ஜெபிக்க மறுக்கும் பிள்ளை

ஸ்தோத்திரம் சகோதரி. மூணாறு கோடை முகாமில் 15 வயசுப் பிள்ளை ஒருத்தி, "பெட்டிமுடியில செத்தவங்க யாரும் ஜெபம் பண்ணலையா?" என்று கேட்டுவிட்டு மாலை ஜெபத்துக்கே வர மாட்டேன் என்கிறாள், என்ன சொல்ல என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில், பதில் சொல்லப் போகாதீர்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடித் தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து, லயத்தோடு (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனவர்கள் 70 பேர். அதில் அவளுடைய சொந்தக்காரர், கூடப் படித்தவர் யாராவது உண்டா என்று விசாரித்தீர்களா? "தேவ சித்தம்" என்ற வார்த்தையை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். குமுளிப் பக்கம் ஒரு முகாமில், அப்பாவை இழந்த பையனிடம் நான் அதைச் சொல்லித் தொலைத்தேன். மறுவருஷம் அவன் வரவில்லை.

அவளோடு உட்கார்ந்து 13-ம் சங்கீதம் வாசித்துப் பாருங்கள். மொத்தமே 6 வசனம். முதல் 2 வசனத்துக்குள் 4 தடவை "எதுவரைக்கும்" என்று வருகிறது. கோபமும் ஜெபம்தான் என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை, அவளே பிடித்துக்கொள்வாள். கடைசியில் பாட்டாக முடிகிறதே என்று அங்கே அவசரமாக இழுத்துப் போகாமல் இருந்தால் போதும்.

மாலை ஜெபத்துக்குக் கட்டாயம் வேண்டாம். அந்த நேரம் சமையல்கட்டில் கட்டன்சாயா போடும் அக்காவோடு இருக்கட்டும் (எங்கள் முகாமில் பாதி ஊழியம் அங்கேதான் நடக்கும்). மற்ற பிள்ளைகள் அவளைச் சுற்றி வட்டம் போட்டுச் சத்தமாக ஜெபிக்க விடாதீர்கள், அது கொடுமை. கடைசி நாள் சாட்சி நேரத்தில் மைக்கை அவள் பக்கம் நீட்டவும் வேண்டாம்.