பெரியம்மா கேட்ட விலாசம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

திருகோணமலையில் ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். போன தவணையில் தரம் 8 பிள்ளைகளை உவர்மலை இராணுவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருந்தோம். துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பதில்தான் பிள்ளைகளுக்குக் கவனம். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அதே கிழமை, லண்டனில் நடக்கும் ஆயுதக் கண்காட்சியை எதிர்த்து வீதியில் உட்கார்ந்திருந்த சிலரின் பழைய வீடியோ ஒன்றைப் பார்த்தேன். பாதிப் பேர் வயதானவர்கள். பொலிஸ் ஒவ்வொருவராகத் தூக்கிப் போகிறது. கண்காட்சி தன்பாட்டில் நடக்கிறது. உண்மையைச் சொன்னால் எரிச்சல்தான் வந்தது. எல்லாம் எங்கள் தலையில் விழுந்து முடிந்த பிறகு இவர்கள் அங்கே பாட்டுப் பாடி என்ன ஆகப்போகிறது? வெள்ளைக்காரருக்கு இதுவும் ஒரு பொழுதுபோக்கு என்றே தோன்றுகிறது.

அடுத்த வருடமும் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகலாமா? ஆயுதம் இல்லாமல் ஒரு நாடு இருக்க முடியுமா? இதுபற்றித் தமிழில் வாசிக்க ஏதாவது இருக்கிறதா?

கே.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமை. ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லைப் பார்த்ததும் கோபம் வந்தது. ஆறட்டும் என்று விட்டேன். ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆயுதம் இல்லாமல் நாடு இருக்க முடியுமா என்பதை விடுங்கள். கொஸ்டாரிக்கா 1948இல் படையைக் கலைத்தது, இன்றும் இருக்கிறது. அதற்கு மேல் அது பட்டிமன்றக்காரரின் கேள்வி. வாசிப்புப் பட்டியலும் இன்னொரு நாளைக்கு.

நீங்கள் ‘கண்காட்சி’ என்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. அது சந்தை. லண்டனின் கிழக்கே, பழைய துறைமுகப் பகுதியில், எக்செல் என்ற பெரிய மண்டபத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செப்டெம்பரில் கூடுகிறது. கம்பனிகள் ஏவுகணையும் கவசவாகனமும் பரப்பி வைக்கின்றன, பக்கத்துத் துறையில் போர்க்கப்பல்கள் வந்து கட்டி நிற்கின்றன. பல நாட்டு அமைச்சர்களும் படையதிகாரிகளும் விருந்தாளிகளாக வருகிறார்கள். உங்களைப் போல என்னைப் போல ஒருவர் டிக்கெட் எடுத்து உள்ளே போக முடியாது. 2001இல் அது திறந்த நாள் செப்டெம்பர் 11. நியூயோர்க்கில் கோபுரங்கள் எரிந்து விழுந்த பிறகும் அந்தக் கிழமை வியாபாரம் நிற்கவில்லை.

இந்த மாதிரிச் சரக்கின் பெயர்கள் உலகத்திலேயே நம் பிள்ளைகளுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தன. ஐந்து வயதுப் பிள்ளை வானத்தைப் பார்க்காமலே சத்தத்தை வைத்துச் சொல்லும், இது கிபிர், இது மிக் என்று. இரண்டும் போர் விமானங்கள். கிபிர் இஸ்ரேலில் செய்தது, மிக் உக்ரேனிலிருந்து வாங்கியது. அப்புறம் மல்டி பரல், ஒரே தடவையில் பல ரொக்கெட் அடிப்பது. எல்லாம் எங்கோ ஒரு மேசையில் விலை பேசப்பட்டு வந்தவை. மேசையில் இருந்தவர்களுக்கு மூதூர்ப் பக்கத்துச் சம்பூர் என்றால் என்னவென்று தெரியாது, நமக்கு அந்த மேசை எங்கே இருக்கிறது என்று தெரியாது. நான் கொஞ்சக் காலமாக நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். உங்கள் கடிதம் நேராக அதில் வந்து தொட்டது.

என் பெரியம்மா சம்பூர்க்காரி. 2006 ஏப்ரலில் அந்தப் பக்கம் குண்டு விழத் தொடங்கியபோது அவருடைய குசினிச் சுவரில் ஒரு துண்டு ஏறி நின்றது. அதே நாள் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை போனது. பெரியம்மா அந்தத் துண்டைக் கத்தியால் நெம்பி எடுத்து, பழைய சீலைத் துணியில் முடிந்து, காணி உறுதி இருந்த பையில் வைத்துக்கொண்டார். ஊரை விட்டு ஓடினபோது அதுவும் கூடவே போனது. வாகரை, பிறகு மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம்.

2007இல் பால்மாவும் அரிசிமாவும் எடுத்துக்கொண்டு முகாமுக்குப் பார்க்கப் போனேன். தறப்பாள் கொட்டிலுக்குள் அப்படி ஒரு வெக்கை. பெரியம்மா முடிச்சை அவிழ்த்தார்.

“மகள், நீ இங்கிலீஷ் படிச்சவள்தானே. இதுல என்ன எழுதிக் கிடக்கு எண்டு பார்.”

உள்ளங்கையளவு இரும்பு. பார்த்தால் சின்னது, கையில் வாங்கினால் பாரம். ஒரு பக்கம் மூன்று இலக்கங்கள், பாதியில் உடைந்துபோன ஓர் எழுத்து. வாசித்துச் சொன்னேன்.

“ஊர்ப் பேர் ஒண்டும் இல்லையா?”

“இல்லை பெரியம்மா, வெறும் நம்பர்.”

“விலாசம் இருந்தா ஒரு கடிதம் போடலாம் எண்டு பார்த்தன்.”

நான் கேட்டேன், “போட்டு என்ன ஆகப்போகுது பெரியம்மா?”

“ஒண்டும் ஆக வேணாம். இது எங்க வந்து விழுந்தது எண்டு செஞ்சவனுக்குத் தெரிய வேணாமா?”

தம்பி, உங்கள் கேள்வியை நான் உங்களுக்கு முன்பே கேட்டுவிட்டேன், அதுவும் யாரிடம் கேட்கவே கூடாதோ அவரிடம். கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை என்பது இப்போது விளங்கும்.

அந்த வீதியில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள் வேறு என்ன செய்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? அவர்களுக்கு விலாசம் தெரியும். பெரியம்மா எழுத நினைத்த கடிதத்தை அவர்கள் கையிலேயே கொண்டுபோய் வாசலில் நிற்கிறார்கள். எக்செல் வாசலில் குவேக்கர் சபையினர், போரே கூடாது என்கிற கிறிஸ்தவர்கள், தார் ரோட்டில் உட்கார்ந்து மௌனமாகத் தியானம் செய்வார்கள். 2017இல் நான்கு பேர் உள்ளே போகும் வீதியில் படுத்து, பொலிஸ் இழுத்துப் போக முடியாதபடி கைகளைப் பெட்டிக்குள் பூட்டிக்கொண்டார்கள். அந்த வழக்கு நாலு வருடம் இழுபட்டு, 2021 ஜூனில் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் அவர்கள் பக்கம் தீர்ந்தது. வீதியை மறித்தாலும் அதுவும் எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமைக்குள் வரலாம் என்றது நீதிமன்றம்.

இன்னும் பழையது ஒன்று சொல்கிறேன். 1996 ஜனவரியில் இங்கிலாந்தில் ஒரு விமானத் தொழிற்சாலைக்குள் மூன்று பெண்கள் சுத்தியலோடு புகுந்தார்கள். இந்தோனேசியாவுக்குப் போக இருந்த ஹோக் போர் விமானம் ஒன்றை அடித்துச் சேதமாக்கிவிட்டு, ஓடாமல் அங்கேயே நின்று பிடிபட்டார்கள். அந்த விமானம் இந்தோனேசியா பிடித்து வைத்திருந்த கிழக்குத் திமோர் சனங்களின் மேல் குண்டு போடப் போகும், அதைத் தடுக்கத்தான் வந்தோம் என்றார்கள். திட்டத்தில் சேர்ந்திருந்த நான்காவது பெண்ணும் பிறகு கைதானார். வழக்கு முடியும்வரை ஆறு மாதம் சிறை. கடைசியில் லிவர்பூல் ஜூரி அவர்களைக் குற்றவாளிகள் இல்லை என்று விட்டது. திமோரில் ஒரு சொந்தம் இல்லை, பந்தம் இல்லை. பத்து வருடச் சிறை வந்தாலும் வரட்டும் என்று போனவர்கள். இதையா பொழுதுபோக்கு என்கிறீர்கள்?

கடிதம் போட்டவர்களும் இருக்கிறார்கள். எக்செல் சந்தையை ஒரு காலத்தில் நடத்தியது ரீட் எல்சவியர் என்ற நிறுவனம். ‘லான்செட்’ மருத்துவ இதழை வெளியிடுவதும் அவர்கள்தான். காயத்துக்கு மருந்து எழுதும் இதழும் காயம் உண்டாக்கும் சந்தையும் ஒரே முதலாளியிடம். 2005இல் இதழின் ஆசிரியர்கள் தங்கள் முதலாளிக்கு எதிராகத் தங்கள் இதழிலேயே எழுதினார்கள், மருத்துவர்களும் எழுதினார்கள். 2007இல் நிறுவனம் இந்த வியாபாரத்தை விடுவதாக அறிவித்தது, அடுத்த வருடம் விற்றுவிட்டது. வாங்கியவர்கள் தொடர்ந்து நடத்தினார்கள். ‘பார்த்தீர்களா, நிற்கவில்லையே’ என்பீர்கள். நிற்கவில்லைதான். ஆனால் அந்த நிறுவனம் இந்த வியாபாரத்திலிருந்து கையை எடுத்தது, எடுக்க வைத்தது கடிதங்கள்.

நம்மவர் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2018 ஏப்ரலில் சென்னைக்குத் தெற்கே திருவிடந்தையில் இந்திய அரசு இதே மாதிரி ஒரு பெரிய ஆயுதச் சந்தை நடத்தியது. அதைத் திறக்கப் பிரதமர் வந்த நாளில் தமிழ்நாடெங்கும் கறுப்புக் கொடி. காவிரித் தண்ணீருக்காக. அது நியாயமான கோபம், அதில் குறை இல்லை. ஆனால் உள்ளே வைத்திருந்த பீரங்கியைப் பற்றி ஒரு பதாகையாவது இருக்கிறதா என்று நான் படம் படமாகத் தேடினேன். என் கண்ணில் படவில்லை. இங்கேயும் அப்படித்தான். நம்முடையது என்று சொல்லப்பட்ட ஆயுதங்களுக்கு முன்னால் நாமும் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தோம். அந்தப் படங்கள் இப்போதும் வீடுகளில் இருக்கின்றன. உங்கள் தரம் 8 பிள்ளைகள் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. அவர்களைத் திட்டாதீர்கள். நீங்கள் ‘ஒன்றும் சொல்லவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் உங்களைத் திட்டுகிறேன். அந்த இடத்தில் வாயைத் திறக்கத்தானே ஆசிரியர் என்று ஒருவர் கூடப் போகிறார்.

நான் பார்த்த எந்த ஆயுதக் காட்சியிலும் ஆயுதத்தின் பெயர் எழுதியிருக்கும். அது போய் விழுந்த வீட்டின் பெயர் எழுதியிருக்காது.

கூட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதை மறந்தே போனேன். போங்கள். ஆனால் அதற்கு முதல் ஒரு நாள் கிண்ணியாப் பாலம் வழியாக, மூதூர் தாண்டி, சம்பூருக்குக் கூட்டிப் போங்கள். பெரியம்மா 2016இல் காணிக்குத் திரும்பிவிட்டார். துண்டு இப்போது சாமிப் படத்துக்குக் கீழே, அதே துணியில் இருக்கிறது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையில் வாங்கிப் பார்க்கட்டும். விளிம்பு இன்னும் கூராகத்தான் இருக்கிறது, கவனம். எத்தனை பேர், எந்தத் திகதி என்று எழுதுங்கள், அவரிடம் சொல்லி வைக்கிறேன். இடது காது கேட்காது. வலது பக்கம் இருந்து பேசச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா