5 வாட் என்பது எவ்வளவு சத்தம்?

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடற்குழுவில் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கிறேன். கிதாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில்தான் போய்வருகிறேன். இப்போதுள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப்பை விட்டுவிட்டு, கையில் தூக்கிச் செல்லும்படியான, கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் சிறிய வால்வு ஆம்ப் ஒன்று வாங்க ஆசை. 5 வாட் வாங்கு, வீட்டிலும் தொந்தரவில்லாமல் வாசிக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். ஒரே ஒரு வால்வு வைத்த 20 வாட் ஆம்ப் டிபன் பாக்ஸ் அளவில் வருகிறது, அதை வாங்கு என்கிறார் இன்னொருவர். பேட்டரியில் ஓடும் வால்வு ஆம்ப் உண்டா? அத்தை மகன் ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து வருகிறார். அவரை வாங்கிவரச் சொல்லலாமா?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

உங்கள் முதல் நண்பர் 5 வாட் வால்வு ஆம்ப்பை அடுக்குமாடி வீட்டில் வால்யூமை முழுதாகத் திறந்து வாசித்துப் பார்த்தவராகத் தெரியவில்லை. வாசித்திருந்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து அவருக்கு விளக்கியிருப்பார்.

கிதார் ஆம்ப்களில் போடும் ஸ்பீக்கர்கள் 1 வாட் கொடுத்தாலே, 1 மீட்டர் தள்ளி, 95 டெசிபலை ஒட்டிய சத்தம் எழுப்பக்கூடியவை. 5 வாட்டில் அது 102 ஆகும். நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60 டெசிபல் அளவில்தான். வாட்டைப் பத்து மடங்கு கூட்டினால்தான் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்கானதுபோலத் தோன்றும். ஆகவே 50 வாட் ஆம்ப்பில் பாதிச் சத்தத்தை உங்கள் 5 வாட் கொடுத்துவிடும். விளம்பரத்தில் எண் சிறிதாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சத்தத்தைக் குறைத்து வைத்து வாசிக்கலாமே என்று கேட்பீர்கள். வாசிக்கலாம், ஆனால் வால்வு ஆம்ப்புக்குக் காசு கொடுப்பது எதற்காக? ஃபெண்டர் நிறுவனத்தின் சாம்ப் என்ற ஆம்ப்பை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவில், புதிதாக வாத்தியம் கற்பவர்களை மனத்தில் வைத்துச் செய்த மலிவான பெட்டி அது. 1950களில் வந்த 5எஃப்1 என்ற வகையில் முன்னால் கிதார் ஒலியைப் பெருக்க 12ஏஎக்ஸ்7 என்ற வால்வு, பின்னால் ஸ்பீக்கரை இயக்க 6வி6 என்ற வால்வு, மின்சாரத்தை நேராக்க 5ஒய்3 என்ற வால்வு, 8 அங்குல ஸ்பீக்கர், ஒரே ஒரு வால்யூம் திருகு. டிரெபிள், பாஸ் எதுவும் கிடையாது. திருகு தாழ்வாக இருக்கும்வரை சாதுவான, கொஞ்சம் மெலிந்த ஒலி. பாதியைத் தாண்டியதும் 6வி6 திணறத் தொடங்கும். அப்போது கம்பியை மெல்லத் தொட்டால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் ஓரத்தில் கரகரத்தும் ஒலிக்கும். கிதாரிலுள்ள வால்யூமைச் சற்று இறக்கினால் அந்தக் கரகரப்பு அடங்கிவிடும். ஒலியின் குணம் ஆம்ப்பை விட்டு விரல்களுக்கு வந்துவிடுகிறது. 1970இல் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் மயாமி ஒலிப்பதிவுக் கூடத்தில் பயன்படுத்தியது இத்தகைய சாம்ப்தான். முன்னால் மைக்கை வைத்துவிட்டால் கேட்பவருக்குப் பெட்டியின் அளவு தெரியப்போவதில்லை.

அந்தத் திணறலுக்காகத்தான் வால்வு. அதை வீட்டில் கேட்க 5 வாட்டே அதிகம். ஆகவே வாட்டைக் குறைக்கும் சுவிட்ச் உள்ளதாகப் பாருங்கள். மார்ஷல் டிஎஸ்எல்1 ஆம்ப்பில் 1 வாட்டும் 0.1 வாட்டும் உண்டு. புகேரா வி5 ஆம்ப்பில் 5, 1, 0.1 என மூன்று நிலைகள். 0.1 வாட் என்றதும் கொசு ரீங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள், அதுவே 85 டெசிபல் வரும். கதவைச் சாத்திக்கொண்டு பகலில் வாசிக்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் ஹெட்ஃபோன்தான்.

பேட்டரிக்கு வருகிறேன். வால்வு வேலை செய்ய முதலில் அதன் உள்ளே இருக்கும் இழை சூடாக வேண்டும். சாம்ப்பில் 6வி6 இழைக்கு 6.3 வோல்ட்டில் 0.45 ஆம்பியர், 12ஏஎக்ஸ்7 இழைக்கு 0.3 ஆம்பியர், 5ஒய்3 இழைக்கு 5 வோல்ட்டில் 2 ஆம்பியர். கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட 15 வாட். ஒரு ஸ்வரம்கூட வாசிக்காமல், 5 வாட் சத்தத்துக்காக 15 வாட் வெறும் சூடாகப் போகிறது. இதற்கு மேல்தான் 300 வோல்ட்டுக்கும் அதிகமான மின்னழுத்தம் வேண்டும். பேட்டரியில் இதை ஓட்ட முடியாது என்றில்லை, ஆனால் அந்த பேட்டரியைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும்.

இரண்டாம் நண்பர் சொன்ன டிபன் பாக்ஸ் ஆரஞ்ச் மைக்ரோ டெரர் போன்றதாக இருக்கும். முன்பகுதியில் ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை இயக்கும் பின்பகுதி முழுக்க டிரான்சிஸ்டர். மோசமான பொருள் அல்ல, எடையும் குறைவு. ஆனால் மேலே சொன்ன திணறல் பின்பகுதி வால்வில் நிகழ்வது, அது இதில் இல்லை. தவிர, ஸ்பீக்கர் பெட்டியைத் தனியாக வாங்கித் தனியாகத் தூக்க வேண்டும். டிபன் பாக்ஸ் என்று சொன்னவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

என் யோசனை: பின்பகுதியில் ஒரே ஒரு இஎல்84 அல்லது 6வி6 வால்வு உள்ள 5 வாட் ஆம்ப், வாட் குறைக்கும் சுவிட்ச்சோடும், வெளி ஸ்பீக்கர் இணைக்கும் துளையோடும். ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் 15 வாட், அருமையான ஆம்ப், ஆனால் ஏறக்குறைய 14 கிலோ. கிதாரும் முதுகில் இருக்க அதை ஸ்கூட்டரில் கொண்டுபோவது வாரா வாரம் செய்கிற காரியம் இல்லை. தேவாலயத்தில் டிரம்ஸ் பலமாக இருந்தால் 5 வாட் தெளிவான தொனியில் அதற்கு ஈடுகொடுக்காது. ஆம்ப்பை நாற்காலிமேல் ஏற்றி, ஸ்பீக்கர் கூம்பின் நடுவைவிட்டுச் சற்று விலக்கி மைக் வைத்து, அங்குள்ள ஒலிபெருக்கியில் கொடுங்கள். வாசித்து முடித்ததும் உடனே மூட்டை கட்டாதீர்கள், வால்வு ஆறட்டும். 8 அங்குல ஸ்பீக்கரின் ஒலி அடைத்தாற்போல் இருக்கிறதென்றால் 12 அங்குலப் பெட்டி ஒன்றை இணைத்துப் பாருங்கள், அதே 5 வாட் வேறு ஆம்ப்போல ஒலிக்கும். துளைக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் ஓம் (மின்தடை) அளவும் பெட்டியின் ஓம் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்பில் வாசிக்கவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

அத்தை மகனைத் தொந்தரவு செய்யாதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம், ஆனால் ஸ்கூட்டரில் இன்னொரு சுமை, மறந்துபோய் நேராகச் சொருகினால் ஆம்ப் காலி. அவர் ஏதாவது கொண்டுவரத்தான் வேண்டுமென்றால் உபரி வால்வுகள் கொண்டுவரட்டும். ஸ்லோவாக்கியாவில் செய்யும் ஜேஜே என்ற பெயருள்ள வால்வுகள் நல்லவை. 12ஏஎக்ஸ்7 வால்வை ஈசிசி83 என்றும் எழுதுவார்கள், இரண்டும் ஒன்றே. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒருகாலத்தில் ரேடியோ வால்வுகள் செய்தது. பழைய ரேடியோ பழுதுபார்ப்பவர் யாரேனும் தெரிந்தால் அவருடைய அட்டைப்பெட்டியையும் கிளறிப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன்பு தேவாலயத்தின் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று ஓர் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். நீங்கள் பாடவும் செய்கிறீர்கள் என்றால் இது கட்டாயம். எர்த் இல்லாத இடத்தில் கிதார் கம்பியைப் பிடித்தபடி உதடு மைக்கில் பட்டால் ஷாக் அடிக்கும்.