சயனோடைப் போன்ற மாற்று அச்சு முறைகளுக்கு எந்தக் கண்ணாடி, எந்தப் புற ஊதா விளக்கு வாங்க வேண்டும்?

கடலூரில் இதுவரை வெயிலில் சயனோடைப் அச்சுகளை (மருந்து பூசிய தாளின் மேல் நெகட்டிவை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, ஒளி காட்டி எடுக்கும் நீலநிறப் படங்களை) எடுத்துவந்த நீங்கள், ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை தடைபடுவதால் வீட்டுக்குள் விளக்குப் பெட்டி அமைக்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் குவார்ட்ஸ் கண்ணாடி வாங்க வேண்டுமா, அக்ரிலிக் தகடு போதுமா, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் எல்.இ.டி. விளக்குகள் உதவுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரியில் பல ஆண்டுகளாகச் சயனோடைப், வான் டைக் பழுப்பு, பல்லேடியம் ஆகிய முறைகளில் அச்செடுத்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: குவார்ட்ஸ் வேண்டாம், சாதாக் கண்ணாடியே போதும். ஆனால் கண்ணாடியையும் விளக்கையும் தனித்தனியாக முடிவு செய்யாதீர்கள். இரண்டும் சேர்ந்து எந்த அலைநீளத்தைத் தாளுக்குக் கொண்டு சேர்க்கின்றன என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த சயனோடைப்பில், ஒளி பட்டதும் ஃபெரிக் உப்பு ஃபெரஸ் உப்பாக மாறி, ஃபெரிசயனைடுடன் சேர்ந்து நீல நிறமியைத் தருகிறது. வான் டைக்கும் பல்லேடியமும் இதே இரும்பு உப்புகளின் மாற்றத்தை நம்பியவையே. இந்த மாற்றத்தைத் திறமாக நடத்துவது, கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறத்துக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 320 முதல் 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதா ஒளி. ஊதாவும் நீலமும்கூட ஓரளவு வேலை செய்யும், ஆனால் மெதுவாக. ஒருவர் அக்ரிலிக் தகடு அருமையாக வேலை செய்கிறது என்றும், இன்னொருவர் அதே தகட்டில் எதுவுமே பதியவில்லை என்றும் சொல்வதற்கு இதுவே காரணம். சாதாரண அக்ரிலிக் சுமார் 375 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியை விழுங்கிவிடும். 400 நானோமீட்டர் எல்.இ.டி.க்கு அடியில் அது பெரிய தடையில்லை, ஆனால் 365 நானோமீட்டர் குழல் விளக்குக்கு அடியில் ஏறக்குறைய சுவர்.

ஜன்னல்களுக்குப் போடும் சமதளமான, சாதாரண ஃபுளோட் கண்ணாடி 5 மில்லிமீட்டர் தடிமனில்கூட 365 நானோமீட்டர் ஒளியில் ஐந்தில் நான்கு பங்கை விட்டுவிடும். இழப்பிலும் கணிசமான பகுதி இரண்டு பரப்புகளிலும் நிகழும் பிரதிபலிப்பு. பரப்புக்கு ஏறத்தாழ 4 விழுக்காடான அந்த இழப்பு குவார்ட்ஸ் போட்டாலும் பெரிதாகக் குறையாது. ஓரத்தில் பச்சை தெரியாத, இரும்பு குறைந்த ‘எக்ஸ்ட்ரா கிளியர்’ கண்ணாடி சற்றுக் கூடுதலாக ஒளியை விடும் என்றாலும், பத்து நிமிட ஒளியூட்டலில் மிச்சமாவது ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்காக அதிக விலை கொடுப்பது என் பார்வையில் தேவையற்றது.

தவிர்க்க வேண்டியவை வேறு. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி, ஓவியங்களைக் காக்க விற்கப்படும் புற ஊதாத் தடுப்புக் கண்ணாடி, வண்ணமோ எதிரொளிப்புப் பூச்சோ கொண்ட கண்ணாடி, பாலிகார்பனேட் தகடு ஆகிய எதுவும் வேண்டாம். இவற்றில் பலவற்றைக் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. படிகம் போல் தெளிவாகத் தெரியும் லேமினேட்டட் கண்ணாடி புற ஊதாவைக் கிட்டத்தட்ட முழுவதும் நிறுத்திவிடும்.

ஆகவே சோதித்துப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடிக் கடையிலும் பிரேம் போடும் கடையிலும் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் கேட்டால் தருவார்கள். மருந்து பூசிய ஒரே தாளின் மேல் அவற்றை வரிசையாக அடுக்கி, ஓரிடத்தில் கண்ணாடியே இல்லாமல் விட்டு, நீலம் பாதியளவு ஏறும் நேரத்துக்கு மட்டும் ஒளியூட்டிக் கழுவிக் காயவையுங்கள். முழுமையாக ஒளியூட்டினால் எல்லாத் துண்டுகளுக்கு அடியிலும் நீலம் நிறைந்து வேறுபாடு மறைந்துவிடும். இந்தச் சோதனையை வெயிலில் செய்யாமல், நீங்கள் பயன்படுத்தப்போகும் விளக்கின் அடியிலேயே செய்வது முக்கியம். வெயிலில் ஊதாவும் நீலமும் மிகுதியாக இருப்பதால் லேமினேட்டட் துண்டின் அடியிலும் ஓரளவு நிறம் ஏறி உங்களை ஏமாற்றும். 365 நானோமீட்டர் குழலின் அடியில் அதே துண்டு தன் குணத்தைக் காட்டிவிடும்.

தடிமனைப் பொறுத்தவரை, நெகட்டிவையும் தாளையும் கண்ணாடியோடு அழுத்திப் பிடிக்கும் சட்டம் சிறியதானால் அதற்கு 3 மில்லிமீட்டர் போதும். அதைவிடப் பெரிய சட்டத்தில் பின்புற வில்களின் அழுத்தத்தைத் தாங்க 5 அல்லது 6 மில்லிமீட்டர் வேண்டும். ஓரங்களைத் தேய்த்து வாங்குங்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஜன்னல் கண்ணாடிகளின் அலையோடிய அழகு எனக்கும் பிடிக்கும், ஆனால் நெகட்டிவும் தாளும் முழுதும் ஒட்டி நிற்கச் சமதளமான ஃபுளோட் கண்ணாடிதான் ஏற்றது.

விளக்குக்கு என் முதல் தேர்வு பூச்சிப்பொறிக் குழல். இனிப்புக் கடைகளிலும் உணவகங்களிலும் ஈக்களை ஈர்க்க நீலமாக எரியும் அந்தக் குழல்கள் 350 முதல் 400 நானோமீட்டருக்குள், 368 நானோமீட்டரை ஒட்டிய உச்சத்துடன் ஒளி தருபவை. நமக்கு வேண்டியதும் அதுதான். குழலில் ‘பி.எல்.’ என்று அச்சிட்டிருக்கும். ‘பி.எல்.பி.’ என்றிருப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியை வடிகட்டும் கரும் கண்ணாடிக் குழல். அதுவும் உதவும் என்றாலும் விலை அதிகம், நமக்குக் கூடுதல் பயனும் இல்லை. இரண்டடி நீள 18 வாட் குழல் சாதாரண டியூப்லைட் பட்டியிலேயே எரியும். இப்போது கடைகளில் எல்.இ.டி. பட்டிகளே நிறைந்திருப்பதால், சோக் உள்ள பட்டி என்று கேட்டு வாங்க வேண்டும். குழல்களை மையத்துக்கு மையம் 4 அல்லது 5 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாகப் பொருத்தி, கண்ணாடியை 7 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் ஒளி பட்டை பட்டையாக விழாது. குழலின் இரு முனைகளும் மங்கலாக எரிவதால், அச்சின் நீளம் குழலைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பெட்டியின் உட்புறத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்க வேண்டாம். அதிலுள்ள டைட்டானியம் டையாக்சைடு நம் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிந்தாலும் புற ஊதாவை உறிஞ்சிவிடும். அலுமினியத் தகடு அதை நன்றாகத் திருப்பி அனுப்பும். விளக்கைப் போட்டதும் அச்சைத் தொடங்காமல், ஒளி நிலைபெறச் சில நிமிடங்கள் எரியவிடுங்கள்.

எல்.இ.டி. வாங்குவதானால் அலைநீளத்தைக் கேட்டு வாங்குங்கள். மலிவாக விற்பவற்றில் பல 395 முதல் 405 நானோமீட்டர் கொண்டவை. இரும்பு முறைகள் அதிலும் அச்சாகும், நேரம் கூடும். டிஜிட்டல் நெகட்டிவ் (அச்சுப்பொறியில் ஒளிபுகும் தாளில் அச்சிட்ட நெகட்டிவ்) பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அச்சுப்பொறி மை 365 நானோமீட்டரைத் தடுக்கும் அளவும் 400 நானோமீட்டரைத் தடுக்கும் அளவும் ஒன்றல்ல. விளக்கை மாற்றினால் படத்தின் முரண்தன்மை (கான்ட்ராஸ்ட்) மாறும். நெகட்டிவின் வளைவை, அதாவது கணினியில் அதன் ஒளி-நிழல் அளவுகளை அமைக்கும் கோட்டை, புதிதாகத் திருத்தியாக வேண்டும்.

நான் மிகவும் கவலைப்படுவது ஒரு பொருளைப் பற்றித்தான். தண்ணீர் சுத்திகரிப்பானிலும் கிருமிநீக்கப் பெட்டிகளிலும் இருக்கும் தெளிவான குழல்களும் ‘யுவி விளக்கு’ என்றே விற்கப்படுகின்றன. அவை 254 நானோமீட்டர் ஒளி தருபவை. உங்கள் சட்டத்தின் கண்ணாடி அந்த ஒளியை முழுமையாகத் தடுத்துவிடுவதால் தாளில் பயனேதும் இருக்காது. பெட்டியின் இடுக்கு வழியே கசிவதோ கண்ணின் கருவிழியையும் தோலையும் சுட்டுவிடும், அதன் வலியும் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். தோல் சிகிச்சைக்கான 311 நானோமீட்டர் குழல்களையும் இதே காரணத்துக்காகத் தொடாதீர்கள். பி.எல். குழல்களையும் நேராகப் பார்க்கக் கூடாது. பெட்டிக்கு மூடியோ கறுப்புத் திரையோ போட்டு, பாலிகார்பனேட் கண்ணாடி அணிந்து வேலை செய்யுங்கள்.

நம் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியும் என்பதால், அச்செடுக்கும் ஒவ்வொரு நாளும் துடைத்துவிட வேண்டும். சட்டத்தின் வில்களைத் துருப்பிடிக்காத எஃகில் போடுவது நல்லது. மழைக்காலத்தில் காய்ந்ததாகத் தோன்றும் தாளிலும் ஈரம் இருக்கும், அது விளக்கின் சூட்டில் வெளிப்பட்டு நெகட்டிவில் ஒட்டிக் கறையாக்கும். நெகட்டிவுக்கும் தாளுக்கும் நடுவே மிக மெல்லிய பாலியஸ்டர் தாள் ஒன்றை வைத்தால் நெகட்டிவ் தப்பிக்கும். அது 365 நானோமீட்டர் ஒளியைத் தாராளமாக விடும். குழல் வரிசையின் பரவிய ஒளியால் படத்தின் கூர்மை மட்டும் ஒரு சிறிதளவு குறையும்.