தொங்கும் வயர்களைச் சுவருக்குள் மறைக்கலாமா?

கேள்வி: கும்பகோணத்துக்கு அருகே, சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடு எங்களுடையது, 9 அங்குலச் சுவர். கூடத்தில் டி.வி.யை மாட்டியபின் செட்டாப் பாக்ஸ் வயரும் எச்.டி.எம்.ஐ. வயரும் கொடியாகத் தொங்குகின்றன. பக்கத்துச் சுவருக்கு ஸ்பீக்கர் வயரும் போக வேண்டும். எல்லாவற்றையும் சுவரை வெட்டிப் புதைத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?
– வாசகி, தாராசுரம்

பதில்: டி.வி.க்கு நேர் கீழே வெட்டலாம். ஆனால் வயரை அப்படியே வைத்துப் பூசிவிட்டால், அது பழுதாகும் நாளில் சுவரைத்தான் உடைக்க வேண்டியிருக்கும், ஆகவே பி.வி.சி. குழாயைப் பதித்து, அதனுள் வயரை விடுங்கள். எச்.டி.எம்.ஐ. வயரின் தலை ஏறக்குறைய 2 செ.மீ. அகலம் இருப்பதால், வழக்கமான 20 மி.மீ. குழாயில் அது நுழையாது, 25 மி.மீ. குழாயிலும் வளைவில் மாட்டிக்கொள்ளும். 40 மி.மீ. குழாயாகக் கேட்டு வாங்குங்கள். திருப்பத்தில் சட்டென மடங்கும் எல்போ வேண்டாம், மெதுவாக வளையும் நீண்ட பெண்ட் போடச் சொல்லுங்கள்.

செங்குத்தாக வெட்டும் காடி (குழாய் பதிக்கும் பள்ளம்) சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைமட்டமாக வெட்டுவது ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்பது கட்டுமான வழக்கம். உங்கள் சுவரில் முன்னது 3 அங்குலம், பின்னது ஒன்றரை அங்குலம். பாரம் தாங்கும் பழைய சுவரில் அந்த ஒன்றரை அங்குலத்தையும் கிடைமட்டமாக வெட்டி எடுக்க நான் சம்மதிக்கமாட்டேன். ஸ்பீக்கர் வயர் தரையோரம், சுவரின் மேலேயே பொருத்தும் மூடிபோட்ட பிளாஸ்டிக் கேசிங் பட்டைக்குள் போகட்டும், கண்ணை உறுத்தாது. உளியும் சுத்தியலும் காரையை உதிர்த்துவிடும் என்பதால் வெட்டும் மெஷினே நல்லது.

நம் டெல்டாக் களிமண்ணில் சுவரின் அடிப்பகுதி ஓதம் ஏறிப் பொரிவதைப் பார்த்திருப்பீர்கள். குழாயின் கீழ்வாய் அந்தக் கறைக்கு மேலே முடியட்டும். காடியைச் சிமென்டால் அடைத்தால் அந்த ஒட்டு சுண்ணாம்புச் சுவரோடு சேராமல் பெயர்ந்து வரும். சுண்ணாம்புக் கலவையாலேயே பூசச் சொல்லுங்கள்.

230 வோல்ட் மின்வயரை இதே குழாயில் விடவே கூடாது. டி.வி.யின் பவர் கார்டைச் சுவருக்குள் இறக்குவதும் தவறு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, டி.வி.க்குப் பின்னாலேயே ஒரு பிளக் பாயின்ட்டைத் தனிக் குழாய் வழியாக எடுக்க வேண்டும். பூசும்போது குழாயின் இரு வாய்களிலும் துணியைத் திணித்துவையுங்கள், இல்லையேல் கலவை உள்ளே இறங்கிவிடும். வயரை இழுக்கும்போது கூடவே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவைத்தால், அடுத்த வயரை நீங்களே கட்டி இழுத்துக்கொள்ளலாம்.