பிட்புல் மேல ஏன் இவ்ளோ பாசம்? கேளுங்க, சொல்றேன்

பிட்புல் பத்தி ஆளாளுக்கு தனித்தனியா கேட்டுட்டே இருக்கீங்க, அதனால எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் சொல்லிடறேன். நான் நாய் ட்ரெய்னிங் பண்றவ, கைவிடப்பட்ட பிட்புல்களை வீட்ல வச்சு பழக்கி நல்ல குடும்பமா பாத்து குடுக்கற வேலையும் பண்றேன். பிடிச்சவங்களும் கேளுங்க, பயப்படறவங்களும் கேளுங்க.

கேள்வி: அக்கா, உலகத்துல எத்தனையோ நாய் இருக்கு. மூஞ்சிய பாத்தாலே பயமா இருக்கற இந்த நாய ஏன் இப்படி தலைல தூக்கி வச்சு கொண்டாடறாங்க? சத்தியமா புரியல.

ஒரு வாரம் வீட்ல வச்சு பாருங்க தம்பி, புரிஞ்சிடும். இந்த நாய்க்கு மனுஷங்க மேல இருக்கற ஆசை ரொம்ப அதிகம். நிறைய நாய் நம்ம கூட ஒரே ரூம்ல இருந்தா போதும்னு நெனைக்கும், பிட்புல்லுக்கு அது பத்தாது, உடம்பு நம்ம மேல பட்டுட்டே இருக்கணும். சோஃபால உக்காந்தா பக்கத்துல வந்து முதுக நம்ம மேல சாச்சு முழு எடையையும் போட்டுட்டு ஒரு பெருமூச்சு விடும் பாருங்க, அதுக்கப்புறம் எந்திரிக்க மனசே வராது. ராத்திரி போர்வைக்குள்ள மூக்க விட்டு தூக்கி உள்ள பூந்துக்கும், முடி கம்மி அதனால குளிரும் தாங்காது, கூடவே குறட்டை வேற.

சந்தோஷம் வந்தா வால மட்டும் ஆட்டாது, மூக்குலேர்ந்து இடுப்பு வரைக்கும் உடம்பே வளையும். வால் நுனி செவுத்துல திரும்பத் திரும்ப அடிச்சு கிழிஞ்சே போகும். ஒரு தடவ புதுசா தத்தெடுத்தவங்க பதறிப்போய் ஃபோன் பண்ணாங்க, செவுத்துல வரிசையா ரத்தத் துளி தெறிச்சிருக்கு, யாரையோ கடிச்சிடுச்சுன்னு நடுங்கிட்டாங்க. போய் பாத்தா ஆஃபீஸ்லேர்ந்து வந்தவர பாத்த குஷில வாசல் பக்கத்துல நின்னு ஆட்டின ஆட்டுல வால் நுனி தோல் பிஞ்சிருக்கு. இது அடிக்கடி நடக்கறதுதான், கட்டு போட்டா அதையும் ஆட்டியே கழட்டிடும்.

இன்னொரு விஷயம், மனுஷன் கிட்ட இவ்ளோ ஒட்டுதல் இருக்கறதால எதையும் விடாம முயற்சி பண்ணும். ஒரு வேலைய சொல்லிக் குடுத்தீங்கன்னா தப்பா பண்ணி, திரும்ப பண்ணி, நம்ம மூஞ்சிய பாத்து, மறுபடி பண்ணி, சரியா வர்ற வரைக்கும் சளைக்காது. ட்ரெய்னரா எனக்கு அது ரொம்ப பிடிக்கும்.

கேள்வி: பிட்புல்னா ஒரு பிரீடா, பல பிரீடா?

நாலு பேர் நாலு விதமா சொல்வாங்க. கறாரா பாத்தா அந்தப் பேர் உள்ள பிரீட் அமெரிக்கன் பிட்புல் டெரியர். அதோட அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர், 2013ல யுகேசி (நாய் பிரீட்கள பதிவு பண்ற ஒரு அமெரிக்க கிளப்) அங்கீகாரம் குடுத்த அமெரிக்கன் புல்லி இதெல்லாத்தையும் சேத்து பொதுவா பிட்புல்னு சொல்லிடறாங்க. அசல் பிட்புல் நெனைக்கற அளவுக்கு பெருசு கிடையாது, ஆண் நாய் சுமாரா 16லேர்ந்து 27 கிலோ, பெண் இன்னும் கம்மி. அம்பது கிலோல ஒண்ண காட்டி சுத்தமான பிட்புல்னு விக்க வந்தா நம்பாதீங்க.

பெரிய தலை, குட்டை முடி இருந்தாலே பிட்புல்னு முத்திரை குத்தற பழக்கமும் இருக்கு. அமெரிக்காவுல கைவிடப்பட்ட நாய்ங்கள வச்சு பாத்துக்கற ஷெல்டர் ஆளுங்க பாத்து பிட்புல்னு சொன்ன நாய்களுக்கு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்த ஒரு ஆய்வுல, அதுல பாதிக்கு மேல அந்த வம்சமே இல்லன்னு வந்துச்சு.

கேள்வி: சண்டைக்குன்னே உருவாக்கின நாய்தானே மேடம் இது? அத எப்படி வீட்டு நாய்னு சொல்றீங்க?

ஆமா சார், சண்டைக்கு உருவாக்கினதுதான், அத நான் மறைக்க மாட்டேன். பிரிட்டன்ல காளைய கட்டி வச்சு புல்டாக்க ஏவி விடற கொடுமை ஒரு விளையாட்டாவே நடந்துச்சு, 1835ல சட்டம் போட்டு அத நிறுத்தினாங்க. அப்புறம் ஒளிச்சு மறைச்சு நடத்த வசதியா நாய் சண்டை பெருகுச்சு, அதுக்காக புல்டாக்கையும் டெரியரையும் கலந்தாங்க. அந்த நாய்ங்க குடியேறினவங்களோட அமெரிக்கா போச்சு. 1898ல யுகேசி ஆரம்பிச்சப்ப அவங்க முதல்ல பதிவு பண்ணதே அமெரிக்கன் பிட்புல் டெரியரதான். 1936ல ஏகேசிங்கற இன்னொரு அமெரிக்க கிளப் அதே வம்சத்த ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர்ங்கற பேர்ல சேத்துச்சு, சண்டைக் களத்த குறிக்கற பிட்ங்கற வார்த்தையே வேணாம்னுதான்.

சண்டை நடுவுல உள்ள பூந்து நாய பிரிக்கறவன கடிக்கக் கூடாதுன்னு அந்தக் காலத்து ஆளுங்க எதிர்பாத்தாங்க, அதனாலதான் மனுஷன் கிட்ட இவ்ளோ சாதுன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா அத ஒரு கேரண்டியா எடுத்துக்காதீங்க, ஆள கடிக்கற நாயா இருந்தாலும் சண்டைல ஜெயிச்சா அதையே குட்டி போட வச்சவங்களும் இருந்தாங்க. அந்தப் பக்கம் இப்படின்னா இந்தப் பக்கம் பண்ணையில மாடு பன்னி பிடிக்க, எலி பிடிக்க, சும்மா திண்ணைல பசங்களோட இருக்கன்னு தலைமுறை தலைமுறையா வளத்த குடும்பங்களும் நிறைய. ரெண்டு பக்கமும் சேந்துதான் இன்னைக்கு நம்ம கைல இருக்கற நாய்.

கேள்வி: கடிச்சா தாடை லாக் ஆயிடுமாமே?

ஆகாது. லாக் பண்ற எலும்போ மூட்டோ எதுவும் கிடையாது, மத்த நாய்க்கு இருக்கற அதே தாடைதான். ஆனா கடிச்சா விடாம பிடிச்சு உதறற குணம் புல்டாக் வழியா வந்திருக்கு, பாக்கறவங்களுக்கு அது லாக் ஆன மாதிரிதான் தெரியும். நெட்ல சுத்தற இத்தனை பவுண்டு அழுத்தம் கணக்கையெல்லாம் தள்ளி வைங்க.

கேள்வி: எல்லாமே வளர்ப்புதான், பிரீட்ல ஒண்ணும் இல்லன்னு எங்க வாட்ஸப் குரூப்ல அடிச்சு சொல்றாங்க. சரியா?

பாதி சரி. 2022ல சயின்ஸ் இதழ்ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, 18,000க்கு மேல நாய்களோட ஓனர்கள் கிட்ட கேள்வி கேட்டு, ரெண்டாயிரத்துக்கு மேல நாய்களுக்கு டிஎன்ஏவும் பாத்தாங்க. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்துல இருக்கற வித்தியாசத்துல பிரீடால வர்றது 9 சதவீதம் பக்கம்தான்னு சொன்னாங்க. அதுக்காக ஜீன்ல எதுவுமே இல்லன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க. அப்பா அம்மா நாய் எப்படி, குட்டி எந்த சூழ்நிலைல பொறந்துச்சு, மூணாவது வாரத்துலேர்ந்து பதினாலாவது வாரம் வரைக்கும் என்னென்ன பாத்துச்சு, யார் கைல வளந்துச்சு எல்லாமே உள்ள வந்து சேரும். பாசத்தால எல்லாத்தையும் மாத்திடலாம்னு நெனச்சு, மத்த நாய பாத்தா பாயற நாய லீஷ் இல்லாம பார்க்ல விட்டு கெட்ட பேர் வாங்கிக் குடுக்கறவங்கள பாத்தாதான் எனக்கு கோவம் வரும். நாய உண்மையா நேசிக்கறவங்க அதோட முழு குணத்தையும் தெரிஞ்சு வச்சிருக்கணும்.

கேள்வி: நீங்க என்ன வேணா சொல்லுங்க, பிட்புல் கடிச்சு செத்தாங்கன்னுதானே நியூஸ் வருது. ரெண்டு சின்னப் பசங்கள வச்சிருக்கற அம்மாவா கேக்கறேன்.

கேக்க வேண்டிய கேள்விதான்மா, உங்க பயம் நியாயம். அமெரிக்காவுல 1979லேர்ந்து 1998 வரைக்கும் நாய் தாக்கி எறந்தவங்கள பத்தின ஆய்வுல, பிட்புல் மாதிரி நாய்களும் ராட்வீலரும் சேந்தே பாதிக்கு மேல. எழுதினவங்களே, பிரீட அடையாளம் காணறதுல குழப்பம் இருக்கு, எந்த பிரீட் மொத்தம் எத்தனை இருக்குங்கற கணக்கும் இல்ல, அதனால இத வச்சு ஆபத்து விகிதம் போட முடியாதுன்னும் சொல்லியிருக்காங்க. ஆனா அத சொல்லிட்டு நான் நழுவ மாட்டேன். இவ்ளோ பலம் உள்ள நாய், பிடிச்சா விடாத நாய், கடிச்சா சேதம் பெருசாதான் இருக்கும். சின்ன நாய் கடிச்சா தையல் போட்டு வந்துடலாம், இது அப்படி இல்ல.

அதனால, சின்னப் பசங்களையும் நாயையும் பெரியவங்க பார்வை இல்லாம தனியா விடவே கூடாது, அஞ்சு நிமிஷம் பாத்ரூம் போனாலும் நடுவுல ஒரு கதவு சாத்தியிருக்கணும். சாப்பிடும்போது தொடக்கூடாது, தூங்கும்போது மேல ஏறக்கூடாது, கழுத்த கட்டிப் பிடிக்கக் கூடாதுன்னு பசங்களுக்கும் சொல்லிக் குடுங்க. நாய் உதட்ட நக்குது, மூஞ்சிய திருப்பிக்குது, கண் வெள்ளை ஓரமா தெரியுது, உடம்பு விறைக்குதுன்னா போதும்னு சொல்லுதுன்னு அர்த்தம். அப்ப உறுமினா திட்டாதீங்க. திட்டித் திட்டி உறுமறத நிறுத்திட்டா அடுத்த தடவ சொல்லாமலே கடிக்கும்.

கேள்வி: அந்தக் காலத்துல இத நானி டாக்னு சொல்லி பசங்கள பாத்துக்கவே விட்டாங்களாமே அக்கா?

அது கட்டுக்கதை தம்பி. பசங்களோட நல்லா பழகற பிட்புல் ஏராளம், தெம்பான உடம்பு, பசங்க தெரியாம மிதிச்சா கூட பெருசா எடுத்துக்காது, எல்லாம் உண்மை. ஆனா ஆயா வேலைக்குன்னு யாரும் இத வளக்கல. நம்ம நாய் நல்ல பேர் எடுக்கணும்னு பொய் சொன்னா, அத நம்பி ஒரு கொழந்தைய தனியா விடறவங்க வருவாங்க.

கேள்வி: எங்க பிட்புல்லும் பக்கத்து வீட்டு நாயும் குட்டிலேர்ந்து ஒண்ணா விளையாடுவாங்க, இப்ப ரெண்டு வயசாச்சு, திடீர்னு போன வாரம் பெரிய சண்டை. என்ன தப்பு பண்ணோம்?

நீங்க எதுவும் தப்பு பண்ணல, இது இந்த பிரீட்ல நிறைய பேருக்கு நடக்கறது. ஒண்ணுலேர்ந்து மூணு வயசுக்குள்ள மனசு முதிரும்போது மத்த நாய்ங்க மேல இருந்த பொறுமை கொஞ்சம் கொஞ்சமா கொறையும், குறிப்பா ஆண் ஆண், பெண் பெண் ஜோடில. இனிமே லீஷ் இல்லாம ஒண்ணா விடாதீங்க, ஒண்ணா நடத்திக் கூட்டிட்டுப் போலாம், ஆனா நடுவுல எடம் இருக்கட்டும். வீட்லயே ரெண்டு நாய் இருந்தா சாப்பாடு, பொம்மை, எலும்பு எல்லாம் தனித்தனி ரூம்ல. ஆள் இல்லாதப்ப கண்டிப்பா பிரிச்சு வைங்க. சண்டை வந்தா வாய் பக்கம் கைய கொண்டு போகாதீங்க, கடிச்ச வாய பிரிக்கற பிரேக் ஸ்டிக்ங்கற குச்சி ஒண்ணு வாங்கி வச்சு, தெரிஞ்ச ட்ரெய்னர் கிட்ட உபயோகிக்க கத்துக்கோங்க. ஒரு முக்கியமான விஷயம், நாய் கிட்ட சண்டை போடற நாய் மனுஷன் கிட்டயும் அப்படித்தான் நடக்கும்னு கெடையாது. ரெண்டும் தனித்தனி.

கேள்வி: சண்டைக்கு வச்சிருந்து மீட்ட நாய வளக்க முடியுமா?

ஒவ்வொரு நாயா பாத்துதான் சொல்ல முடியும், ஆனா முடியும்னு உலகத்துக்கே தெரிஞ்சது 2007ல. அமெரிக்காவுல நாய் சண்டை நடத்தின மைக்கேல் விக்ங்கற அமெரிக்கன் ஃபுட்பால் வீரரோட வர்ஜீனியா எடத்துல அம்பது பிட்புல் கிட்ட பிடிச்சாங்க. அதுக்கு முன்னாடி இப்படி பிடிபட்ட நாய்ங்கள கேஸ் முடிஞ்சதும் கொன்னுடறதுதான் வழக்கம். இந்த தடவ கோர்ட் ஒவ்வொண்ணையும் தனித்தனியா சோதிக்க விட்டுச்சு. ரொம்ப கஷ்டமான 22 நாய யூட்டாவுல இருக்கற பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் அனிமல் சொசைட்டி எடுத்துக்கிச்சு. மொத்தத்துல நிறைய நாய்க்கு வீடு கெடச்சுது, சிலது நோயாளிங்களுக்கு ஆறுதல் குடுக்கற தெரபி நாயா கூட வேலை பாத்துச்சு. அதுல பல நாய்க்கு பிரச்சனை ஆக்ரோஷமே கெடையாது, பயம்தான், ஆள பாத்தா தரையோட ஒட்டிப் படுத்துக்கும். நானும் அப்படி ஒண்ண வச்சிருந்தேன், மொத நாளெல்லாம் மேஜைக்கு அடில இருந்து வெளிய வராது, சாப்பாட்டு தட்ட வச்சுட்டு நான் முதுக காட்டி உக்காந்தா மட்டும் தின்னும். முதல் தடவ அதுவா வந்து என் கால்ல தாடைய வச்சப்ப நான் அசையவே இல்ல.

கேள்வி: ஆறு மாச குட்டி, கண்ண சுத்தி முடி கொட்டுது, அரிப்பு இல்ல.

டெமோடெக்ஸ் பூச்சியா இருக்கலாம், இந்த பிரீட் குட்டிங்களுக்கு சகஜம், மத்த நாய்க்கோ நமக்கோ பரவாது. டாக்டர் கிட்ட தோல் சுரண்டி டெஸ்ட் எடுங்க. சின்ன எடத்துல இருந்தா தானாவே கூட போயிடும், பரவினா உண்ணிக்கு குடுக்கற சில மாத்திரையே இதுக்கும் கேக்கும், ஆனா டோஸ் டாக்டர்தான் சொல்லணும். கால நக்கிட்டே இருந்து வயித்துப் பக்கம் செவந்தா அது அலர்ஜியா இருக்கலாம், அது வேற வைத்தியம்.

கேள்வி: காது வெட்டினாதான் கம்பீரமா இருக்கும்னு பிரீடர் சொல்றாரு.

வேணாம். உடம்புக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாத வலி அது. மடிஞ்ச காது எப்படி நகருதுன்னு பாத்துதான் அது மனசுல என்ன இருக்குன்னு நமக்கே பாதி தெரியும்.

கேள்வி: சில நாட்ல தடையாமே? வேலைக்காக வெளிநாடு போறோம், நாயையும் கூட்டிட்டுப் போகணும்.

டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இத பாருங்க. பிரிட்டன்ல 1991லேர்ந்து பிட்புல் வகை தடை, பேப்பர்ல என்ன பிரீட்னு எழுதியிருக்குன்னு பாக்க மாட்டாங்க, உடம்பு அமைப்ப அளந்துதான் முடிவு. எக்ஸ்எல் புல்லியும் (அமெரிக்கன் புல்லில பெரிய சைஸ்) இங்கிலாந்து, வேல்ஸ்ல 2024 பிப்ரவரியிலேர்ந்து விலக்கு சர்ட்டிஃபிகேட் இல்லாம வச்சிருக்கக் கூடாது. கனடாவுல ஒண்டாரியோல 2005லேர்ந்து தடை. அமெரிக்காவுல ஊருக்கு ஊர் மாறும், டென்வர்ல 1989ல போட்ட தடைய 2020ல மக்கள் ஓட்டு போட்டு எடுத்துட்டு பெர்மிட் முறை கொண்டு வந்தாங்க. பல ஏர்லைன்ஸ் ஏத்தவே மாட்டாங்க, வாடகை வீடும் இன்சூரன்ஸும் தனி தலவலி. எழுத்துல பதில் வாங்காம கெளம்பாதீங்க.

கேள்வி: எனக்கு ரொம்ப ஆசை, ஆனா நாள் முழுக்க ஆஃபீஸ். வாங்கலாமா அக்கா?

குட்டி வேணாம். மனுஷன் இல்லாம இருக்கறதுதான் இதுக்கு பெரிய தண்டனை, தனியா விட்டா கதவ பிராண்டும், சோஃபாவ பிரிச்சுப் போடும். அஞ்சாறு வயசான நாய் ஒண்ண ஷெல்டர்லேர்ந்து எடுங்க, அதோட குணம் என்னன்னு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும், ஓட்டமும் கொஞ்சம் அடங்கியிருக்கும். காலைல போறதுக்கு முன்னாடி முக்கா மணி நேரம் நல்ல நடை, ஃபிளர்ட் போல் (குச்சி நுனில கயிறு கட்டி பொம்மை தொங்கவிட்டது) வச்சு பத்து நிமிஷம் வெரட்ட விடுங்க, மத்தியானம் யாராவது வந்து வெளிய கூட்டிட்டுப் போகணும். ரப்பர் பொம்மைக்குள்ள சாப்பாட்ட அடைச்சு ஃப்ரீஸர்ல வச்சு குடுத்தா நக்கி நக்கி ஒரு மணி நேரம் போகும். சாயங்காலம் வந்ததும் மொத அரை மணி நேரம் அதுக்குத்தான், ஃபோன எடுக்காதீங்க. இதெல்லாம் பண்ண முடியும்னா எனக்கு மெசேஜ் போடுங்க, வீடு கெடைக்காம காத்துட்டு இருக்கற வயசான நாய் ரெண்டு மூணு இப்பவே என் கிட்ட இருக்கு.