கணினி வேலைக்குச் சேர்கிறவருக்கு ஆய்வகப் பாதுகாப்புப் பயிற்சி எதற்கு?

கேள்வி: ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் தரவுப் பகுப்பாய்வு வேலை கிடைத்திருக்கிறது. ஒன்பது பாதுகாப்புப் பயிற்சிகளை முடித்தால்தான் நுழைவு அட்டை தருவோம் என்கிறார்கள். ரசாயனம் எதையும் நான் தொடப் போவதில்லை. இதெல்லாம் வெறும் சடங்கா, நிஜமாகவே தேவையா? வருடா வருடம் திரும்பச் செய்ய வேண்டுமாமே?

ஒன்பதில் நாலைந்து உங்களுக்குத் தேவைப்படும். மீதியை, யாருக்கு எது வேண்டும் என்று பார்க்கச் சோம்பல்பட்ட யாரோ எல்லோருக்கும் மொத்தமாகப் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த நாலைந்து எவை என்பதை உங்கள் பதவியின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. எந்தெந்தக் கதவுகளைத் திறந்து உள்ளே போவீர்கள் என்று பார்க்க வேண்டும்.

நானும் கணினிக்காரனாகத்தான் சேர்ந்தேன். கருவிகள் துப்புகிற கோப்புகளை எடுத்து, குப்பையைக் களைந்து, வரைபடமாக்கித் தருவதுதான் வேலை. பயிற்சி முழுக்க ஆன்லைன். ஸ்லைடுகள், கடைசியில் ஒரு சின்னத் தேர்வு. ஒலியை அணைத்துவிட்டு, பக்கத்து ஜன்னலில் மின்னஞ்சல் படித்தபடியே 'அடுத்து', 'அடுத்து' என்று தட்டி முடித்தேன். இருபதுக்கு இருபது. சான்றிதழும் வந்தது. அதில் ஒரு கேள்வி மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது: கண்ணில் ரசாயனம் பட்டால் எவ்வளவு நேரம் தண்ணீரில் கழுவ வேண்டும்? 15 நிமிடம். சரியாகத்தான் பதில் போட்டிருந்தேன்.

மூன்றாவது மாதம், ஒரு மாலை ஏழு மணி இருக்கும். கருவியோடு இணைத்திருந்த கணினியிலிருந்து கோப்பு எடுக்க லேபுக்குள் போனேன். உள்ளே மூத்த ஊழியர் ஒருவர் மட்டும் கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தார். வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பில் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தார். சோடியம் ஹைட்ராக்சைடு என்ற வலுவான காரத்தின் கரைசல் மிச்சமிருந்த பாட்டில் கை நழுவி சிங்க்கில் விழுந்தது. சத்தம் கேட்டுத் திரும்பினால் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

"ஐ வாஷ்கிட்ட கூட்டிட்டுப் போ!"

அது எங்கே என்று அவருக்குத் தெரியும், ஆனால் கண்ணைத் திறக்க முடியவில்லை. என் கண் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கண் கழுவும் சாதனம் எந்த மூலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மூன்று மாதமாக வாரம் நாலு முறை போய்வந்த அறை அது. 15 நிமிடம் என்று தெரியும், எங்கே என்று தெரியாது! "கதவுக்கு இடப்பக்கம், கதவுக்கு இடப்பக்கம்" என்று அவரே கத்தினார். போய்ப் பார்த்தால் முன்னால் கையுறை வந்த அட்டைப்பெட்டிகள் மூன்று, ஒன்றின் மேல் ஒன்றாக. காலால் எத்தித் தள்ளிவிட்டுப் பிடியை அழுத்தினேன். முதலில் சில நொடிகள் பழுப்பாகத் துருத் தண்ணீர் வந்தது, அப்புறம்தான் தெளிந்தது.

இரண்டு நிமிடம் ஆனதும் "போதும், எரிச்சல் குறைஞ்சிடுச்சு" என்று தலையை எடுக்கப் பார்த்தார். நான் விடவில்லை. இமைகளை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து முழுசாகப் பதினைந்து நிமிடம் நிறுத்தினேன். (தேர்வை அவ்வளவு கேவலமாகவும் சொல்லிவிட முடியாது, பாருங்கள்.) காரம் கண்ணுக்கு அமிலத்தைவிட மோசம். அமிலம் பட்டால் மேல்திசுவின் புரதம் உறைந்து, ஓரளவு அதுவே தடுப்பாகிவிடும். காரம் செல் சவ்வுகளில் இருக்கும் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். எரிச்சல் குறைந்தது என்பதை வைத்து அது நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. அவருக்குக் கருவிழியின் மேற்பரப்பில் காயம், சில வாரத்தில் ஆறிவிட்டது.

ஆபத்தில் இருந்து பத்து விநாடியில் போய்ச் சேரும் தூரத்தில், வழியில் தடையில்லாமல் கண் கழுவும் சாதனம் இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை திறந்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கத் தரநிலை ஒன்றில் தெளிவாக இருக்கிறது. ஆன்சி இசட்358.1 என்பார்கள், பல நாட்டு ஆய்வகங்களும் அதைத்தான் பின்பற்றுகின்றன. பழுப்புத் தண்ணீர் வந்தால், பல வாரமாக அதை யாரும் திறக்கவில்லை என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கணினி வேலைக்காரர்களுக்கு நான் அதிகம் பயப்படுவது அமிலத்துக்கு அல்ல, வாயுவுக்கு. பெரிய கருவிகள் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் திரவ நைட்ரஜன் இருக்கும். அதன் கொதிநிலை -196 டிகிரி செல்சியஸ். ஒரு லிட்டர் ஆவியானால் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயு ஆகும். சின்ன அறையில் சில லிட்டர் கொட்டினாலே காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் வேகமாக இறங்கிவிடும். இதில் கொடுமை என்னவென்றால் உங்களுக்கு மூச்சு முட்டாது. மூச்சு முட்டுகிற உணர்வைப் பெரும்பாலும் உடம்பில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான் தருகிறது. நைட்ரஜனைச் சுவாசிக்கும்போது அது வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருக்கும், அதனால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சரிந்துவிடுவீர்கள். விழுந்தவரைத் தூக்கப் போகிறவரும் பக்கத்திலேயே விழுவார். அதனால்தான் அந்த அறைகளில் ஆக்சிஜன் அளவு 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அலறும்படி சென்சார் வைத்திருப்பார்கள். அது அலறினால் கோப்பு எவ்வளவு நகலாகியிருக்கிறது என்று பார்க்காமல் வெளியே வாருங்கள். உள்ளே யாராவது கிடந்தாலும் போகாதீர்கள், வெளியில் இருந்து உதவி கூப்பிடுங்கள். நைட்ரஜன் குடுவை லிஃப்டில் தனியாகத்தான் போக வேண்டும். கதவு திறந்ததும் உள்ளே ஒரு குடுவை நின்றால் அவசரமாக இருந்தாலும் ஏறாதீர்கள்.

அடுத்தது காந்தம். மூலக்கூறுகளின் அமைப்பை ஆராயும் என்எம்ஆர் கருவியில் இருப்பது மீக்கடத்திக் காந்தம், அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்னோட்டம் சுற்றிக்கொண்டிருக்கும் காந்தம். அதற்கு 'ஆஃப்' கிடையாது. மின்சாரம் போனாலும் காந்தப்புலம் அப்படியே இருக்கும். காந்தப்புலம் 5 காஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) இருக்கும் எல்லையில் தரையில் கோடு போட்டிருப்பார்கள். பேஸ்மேக்கர் வைத்தவர் அதைத் தாண்டக் கூடாது. சாவிக்கொத்து, ஸ்பேனர், ஹார்ட் டிஸ்க் எதையும் கொண்டுபோகக் கூடாது. ஹார்ட் டிஸ்க்கோடு அலைவது யார்? நாம்தான்.

அப்புறம் லேபுக்குள் இருக்கும் கீபோர்டு. ஒருவர் கையுறையோடு ஏதோ மாதிரியைத் தொட்டுவிட்டு அதே கையால் 'என்டர்' தட்டிவிட்டுப் போவார். பின்னால் நீங்கள் வெறும் கையோடு வந்து உட்காருவீர்கள், அப்படியே கன்னத்தில் கை வைப்பீர்கள். எங்கள் லேபில் 'கையுறைக் கணினி', 'வெறுங்கைக் கணினி' என்று இரண்டாகப் பிரித்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். உங்கள் இடத்தில் எது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கையுறை என்றதும் எல்லாப் பயிற்சியிலும் சொல்கிற ஒரு சம்பவம் உண்டு. டார்ட்மவுத் கல்லூரியின் வேதியியலாளர் கேரன் வெட்டர்ஹான், 1996 ஆகஸ்டில் டைமெத்தில்மெர்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மத்தைக் கையாளும்போது சில துளிகள் கையுறை மேல் சிந்தின. லேடெக்ஸ் கையுறை போட்டிருந்தார், நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள்தான் வேலை செய்தார், அன்றைய வழிமுறைப்படி எல்லாம் சரி. மாதங்கள் கழித்துத்தான் அறிகுறி தெரிந்தது. 1997 ஜூனில் இறந்துபோனார். பிறகு சோதித்ததில், அந்த ரசாயனம் லேடெக்ஸை 15 விநாடிக்குள்ளேயே ஊடுருவிவிடும் என்று தெரியவந்தது. 'கையுறை போடுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிற ஸ்லைடு எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். எந்தக் கையுறை, எவ்வளவு நேரத்துக்கு என்று சொல்லாவிட்டால் அந்த வரியால் பயனில்லை.

நுழைவு அட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டுகிறார்களே என்று உங்களுக்கு எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. 2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் டெர்ட்-பியூட்டைல்லித்தியத்தை சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். சிரிஞ்சின் உள்தண்டு வெளியே வந்து திரவம் சிந்தியது. லேப் கோட் இல்லை, செயற்கை இழை ஸ்வெட்டர் போட்டிருந்தார். 18 நாள் கழித்து இறந்தார். மாநில ஒழுங்குமுறை அமைப்பு அபராதம் போட்டபோது சொன்ன காரணங்களில் முறையான பயிற்சி தராததும் ஒன்று. பேராசிரியர் மேல் குற்றவியல் வழக்கே வந்தது. பயிற்சிப் பதிவேட்டை நிறுவனங்கள் இவ்வளவு இறுக்கிப் பிடிப்பதில் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளும் எண்ணமும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

எதைத் தவிர்க்கலாம்? கதிரியக்கப் பொருள் இருக்கும் பகுதிக்குப் போகவே மாட்டீர்கள் என்றால் கதிர்வீச்சுப் பயிற்சி வேண்டாம். உயிரியல் பாதுகாப்பும் அப்படியே. லேசருக்கு மட்டும் ஒன்று பாருங்கள்: உங்கள் கணினி இருக்கும் அறைக் கதவில் வகுப்பு 3பி அல்லது 4 (கண்ணைக் கெடுக்கும் அளவு வலுவான லேசர்) என்று போட்டிருந்தால் அதை விடாதீர்கள். வேண்டாதவற்றின் பட்டியலைப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதிக் கேட்டால் பெரும்பாலும் நீக்கிவிடுவார். நீக்கியதும் அந்தக் கதவுகளுக்கு உங்கள் அட்டை வேலை செய்யாது. பின்னாடி, 'ஐந்து நிமிட வேலை, சும்மா வந்து கோப்பை எடுத்துக்கோ' என்று யாராவது கதவைத் திறந்து பிடித்தாலும் போகக் கூடாது.

இன்றைக்கு எங்கள் பிரிவுக்கு வருகிற புதியவர்களை நான்தான் லேபுக்குக் கூட்டிப்போகிறேன். ஸ்லைடு எல்லாம் முடித்த பிறகு, மேசையிலிருந்து ஐ வாஷ் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொல்வேன். சிரித்துக்கொண்டே தொடங்குவார்கள், முக்கால்வாசிப் பேர் ஸ்டூலில் இடித்துக்கொள்வார்கள். உங்கள் இடத்தில் யாரும் இப்படிச் செய்ய வைக்காவிட்டால் நீங்களே ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். அவசர வழி எது, தீயணைப்பான் எங்கே, கத்தினால் யார் காதில் விழும் என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

வருடா வருடம் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடைவெளி கிடையாது. சில பயிற்சிகள் ஆண்டுக்கொருமுறை, சிலவற்றுக்கு இன்னும் நீண்ட இடைவெளி, அறையோ கருவியோ மாறினால் உடனே. அன்றைய சம்பவம் பற்றி நான் எழுதிக்கொடுத்த அறிக்கையில் அந்த மூன்று அட்டைப்பெட்டிகளையும் குறிப்பிட்டிருந்தேன். அடுத்த வாரமே ஐ வாஷுக்கு முன்னால் தரையில் மஞ்சள் கட்டம் போட்டு, 'இங்கே எதையும் வைக்காதீர்கள்' என்று எழுதினார்கள். இரண்டு மாதம் கழித்துப் போனேன். மஞ்சள் கட்டத்துக்கு நட்டநடுவே ஒரு நாற்காலி. அதன் மேல் என் லேப்டாப் பை.