பைத்தான் பூட்டுகள்: பழைய குறிப்புகளைத் திருத்துவோருக்கு

மன்னார்குடி வாசகர்: எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் தமிழ்க் கையேட்டில், நூறு கட்டளைகளுக்கு ஒருமுறை பைத்தான் நிரல்மொழி திரெட்டை (ஒரே நிரலுக்குள் பக்கம்பக்கமாக நடக்கும் வேலை ஓட்டங்களில் ஒன்றை) மாற்றும் என்று இருக்கிறது. இது சரிதானா?

பைத்தான் 3.2 வெளிவந்த 2011-க்குப் பிறகு அது சரியன்று. அந்தப் பதிப்பிலிருந்து மாற்றம் நேரத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. இயல்பு அளவு 5 மில்லிவினாடி. பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டுமே தொடவிடும் பூட்டுக்காகக் காத்திருக்கக் கால வரம்பு வைக்கும் வசதியும் அதே பதிப்பில்தான் வந்தது என்பதால், இரண்டையும் சேர்த்தே திருத்திவிடுங்கள்.

கும்பகோணம் வாசகர்: ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டுமே பைத்தான் நிரலை ஓட்டவிடும் ஜி.ஐ.எல். என்னும் பொதுப் பூட்டு இருப்பதால் நாம் தனியாகப் பூட்டுப் போடத் தேவையில்லை என்று பழைய குறிப்பு சொல்கிறது. இப்போது அதை நீக்கிவிட்டார்களாமே?

முழுமையாக நீக்கவில்லை. அது இல்லாத தனிக் கட்டமைப்பு 2024 அக்டோபரில் 3.13-உடன் சோதனை நிலையில் வந்து, 3.14-இல் அதிகாரபூர்வ ஆதரவு பெற்றது. வழக்கமான பைத்தானில் பொதுப் பூட்டு இன்றும் உண்டு. ஆனால் உங்கள் குறிப்பிலுள்ள வாக்கியம் அன்றைக்கே பிழையானது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரே பலகையைப் பார்த்து இருவர் சிப்பம் எண்ணுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் 41 இருக்கிறது; இருவரும் அதைப் படித்து, மனத்தில் ஒன்றைக் கூட்டி, ஆளுக்கொரு முறை 42 என்று எழுதுகிறார்கள். வந்தவை இரண்டு சிப்பம், ஏறியது ஒன்று. படித்தல், கூட்டல், எழுதுதல் ஆகிய மூன்றும் தனித்தனிப் படிகள் என்பதால், நிரலில் ஒரே வரியாகத் தெரியும் கூட்டலிலும் இதே இழப்பு நேரலாம். சோதித்துப் பார்க்கும்போது பெரும்பாலும் சரியான விடையே வரும். அதை நம்பிப் பூட்டை விட்டுவிடக் கூடாது. எழுதும் சுண்ணக்கட்டி ஒருவர் கையில் இருக்கும்வரை மற்றவர் பலகையைப் படிக்கவும் கூடாது என்பதே பூட்டின் வேலை.

மயிலாடுதுறை வாசகர்: மாதிரி நிரல்களில் எதை முதலில் மாற்றலாம்?

பூட்டைப் பெறும் ‘அக்வயர்’, அதைத் திறக்கும் ‘ரிலீஸ்’ என்று தனித்தனியே எழுதியவற்றை, இரண்டையும் தானே செய்யும் ‘வித்’ வடிவத்துக்கு மாற்றுங்கள். நடுவில் பிழை எழுந்தாலும் பூட்டு தானே திறந்துவிடும். பழைய வடிவில் திறக்கும் வரி ஓடாமலே போய், மற்ற திரெட்டுகள் முடிவின்றிக் காத்துக் கிடக்கும்.

திருவாரூர் வாசகர்: பழைய செய்தியை அடியோடு அழித்துவிடலாமா?

வேண்டாம். பழைய பதிப்பையே இயக்கும் கணினிகள் நம் பக்கத்து ஆய்வகங்களில் இன்னும் இருக்கக்கூடும் என்பதால், ‘3.2 முதல் மாறியது’ என்று பதிப்பெண்ணோடு எழுதுங்கள். தனியாகப் பூட்டுத் தேவையில்லை என்னும் பிழையான வாக்கியத்தை மட்டும் தயங்காமல் நீக்குங்கள்.